செத்த வீட்டில் நமக்கு எல்லாம் தெரியும்

"அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய், முற்றிய நிலை. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்று திருக்குறளில் நிலையாமை அதிகாரத்தை எடுத்துப் படித்தேன், எதுவும் ஒட்டவில்லை. இலக்கியம் சாவை எப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறது? நிஜத்தில் ஒரு சாவை எதிர்கொள்ள அது உதவுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஒட்டாத விஷயம். நிலையாமை 34ஆவது அதிகாரம், துறவறவியலில் இருக்கிறது. வீடு வாசலை விட்டுப் போகலாமா என்று யோசிக்கிறவனுக்குச் சொன்னது அது. "நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும் பெருமை உடைத்துஇவ் வுலகு" என்பது, நாளைக்கும் எல்லாம் இப்படியே இருக்கும் என்று தெம்பாகத் திரிகிற ஆளின் தோளைப் பிடித்து உலுக்குவதற்கு. ஏற்கெனவே ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவரை உலுக்க என்ன இருக்கிறது? நாலடியாரும் அதே கட்சிதான். கல்யாணத்துக்கு முழங்கிய மேளமே அன்றைக்கே பிணத்துக்கும் முழங்குவது உண்டு என்கிறது. அடுத்த பாட்டில் "செத்தாரைச் சாவார் சுமந்து" என்று மூன்றே சொல்லில் ஒரு சவ ஊர்வலத்தை முடித்துவிடுகிறது. சமண முனிவர்கள் பாடியது என்பார்கள், நல்ல பாட்டு. ஆனால் அதைக் கல்யாண வீட்டில் சொல்லலாம், பாடை தூக்குகிறவன் காதில் சொல்ல முடியாது.

திருமூலர் இதில் இன்னும் ஒரு படி மேலே:

"அடப்பண்ணி வைத்தார் அடிசிலை உண்டார்
மடக்கொடி யாரொடு மந்தணம் கொண்டார்
இடப்பக்க மேஇறை நொந்ததே என்றார்
கிடக்கப் படுத்தார் கிடந்தொழிந் தாரே"

சமைத்து வைத்ததைச் சாப்பிட்டார், மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார், இடது பக்கம் லேசாக வலிக்கிறது என்றார், படுத்தார், அவ்வளவுதான். இன்றைக்கு எந்த இதய டாக்டரிடம் காட்டினாலும் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு ஈசிஜி எடுக்கச் சொல்வார். அத்தனை துல்லியம். இருந்தாலும் இதுவும் உடம்பு நன்றாக இருக்கிறவனுக்கு விழுகிற அறைதான்.

நிலையாமையைப் பாடியே பேர் வாங்கிய பட்டினத்தாருக்கு அம்மா செத்தபோது என்ன ஆயிற்று என்று பாருங்கள். காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே என்று ஊருக்கெல்லாம் சொன்ன துறவி, சுடுகாட்டில் உடைந்துபோகிறார். அவர் பெயரில் வழங்கும் அந்தப் பாடல்களில் தத்துவம் அநேகமாக இல்லை. கையில் என்ன இருக்கிறது, அதை எப்படிச் செய்வது என்ற திணறல்தான் இருக்கிறது. கட்டிலிலும் தொட்டிலிலும் தோள்மேலும் வைத்து வளர்த்தவளை விறகிலா வைப்பேன்? ஊட்டி வளர்த்த வாய்க்கு இந்த அரிசியையா போடுவேன்? வாய்க்கரிசி போட்ட எல்லாருக்கும் அந்தக் கை நடுக்கம் தெரியும். எல்லாம் மாயை என்று பாடியவருக்கும் ஒரு பிடி அரிசி கனத்திருக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான்: சாவைப் பற்றித் தமிழ் இலக்கியத்தில் உருப்படியாகக் கிடைப்பது அறநூல்களில் இல்லை, கையும் காலும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற ஆட்களைப் பற்றிய பாட்டுகளில் இருக்கிறது. புறநானூறு அதில் ஒரு சுரங்கம்.

255ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், வன்பரணர் பாடியது. காட்டில் கணவன் விழுந்து கிடக்கிறான். "ஐயோ எனின்யான் புலிஅஞ் சுவலே" என்று ஆரம்பிக்கிறாள் மனைவி. வாய்விட்டு அழுதால் புலி வந்துவிடும். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அகன்ற மார்பு, அவளால் தூக்க முடியாது. நடுவில் எமனுக்கு ஒரு சாபம், என்னை நடுங்க வைத்தது போல நீயும் நடுங்கிப் போ என்று. பிறகு செத்தவனிடமே சொல்கிறாள்: என் முன்கையைப் பிடித்துக்கொள், அந்த மலை நிழலுக்குப் போய்விடலாம், கொஞ்சம்தான் நட. ஆறேழு அடிப் பாட்டு. அவளுக்கு உடனடிக் கவலை வெயில், புலி, உடம்பின் எடை. உயிர் எங்கே போயிற்று என்ற விசாரணைக்கு அவளுக்கு நேரமில்லை. அவன் செத்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரியும், தெரியாமலும் இருக்கிறது. செத்தவர் சட்டையை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த இரண்டுங்கெட்டான் நிலை புதிதாக இருக்காது.

அடுத்த பாட்டில் கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி, பிணத்தை வைத்துப் புதைக்கிற தாழி செய்யும் குயவனிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சின்ன வெள்ளைப் பல்லி வண்டி போகிற இடமெல்லாம் போவது போல இவனோடு பல காடு கடந்து வந்தவள் நான், தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய், எனக்கும் சேர்த்து. பாடியவர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. அந்தத் தாழிகள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆதிச்சநல்லூரில் தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் ரியா 1899 தொடங்கிச் சில வருஷம் தோண்டியதிலும், 2004-05இல் மறுபடி தோண்டியதிலும் வரிசை வரிசையாக வந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு இந்தப் பாட்டைப் படித்தால், அவள் கேட்டது உருவகம் கிருவகம் எல்லாம் இல்லை, பானையின் வாய் எவ்வளவு அகலம் என்ற கணக்கு என்று புரியும்.

மணிமேகலையில் வரும் கோதமையும் இதே இனம். மகன் சார்ங்கலன் தனியாகச் சுடுகாட்டுப் பக்கம் போய், பேய் ஒன்று தலையை ஏந்தி ஆடுவதைக் கண்டு பயந்தே செத்துப்போகிறான். அவள் சம்பாபதி தெய்வத்திடம் போய், என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைக் கொடு என்கிறாள். ஏன்? கண்ணில்லாத என் கணவனை அவன் பார்த்துக்கொள்வான். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். துக்கத்தின் உச்சத்திலும், நாளைக்கு அந்த மனுஷனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது யார் என்ற கேள்வி உட்கார்ந்திருக்கிறது. தெய்வம் மற்றத் தெய்வங்களை எல்லாம் கூட்டி வைத்து, இது எங்களில் யாராலும் ஆகாது என்று காட்டுகிறது. காவியம் அதன் பிறகு வினைப்பயன் பேசப் போய்விடுகிறது. எனக்கு அந்தக் கண்ணில்லாத மனுஷன் ஞாபகமாகவே இருக்கும்.

சரி, வாழ்க்கைக்கு வருவோம். நம் ஊர்ச் சடங்குகளும் இதே புத்தியில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு ஒரு வேலை. மூச்சு நின்றதும் கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சில மணி நேரத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கும், அது தாடையில் சீக்கிரமே தெரியும். அதற்குள் வாயை மூடாவிட்டால் பிறகு கஷ்டம். தெருவில் எந்த ஆத்தாவுக்கும் இது தெரியும். அப்புறம் போன் போட ஒருத்தன், பந்தலுக்கும் சேருக்கும் ஒருத்தன், ஃப்ரீசர் பாக்ஸுக்கு ஒருத்தன், பூவுக்கும் பறைக்கும் ஒருத்தன். நீர்மாலை எடுக்க ஒரு கூட்டம் போகும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். கொள்ளி வைக்கிறவன் தோளில் குடத்தோடு மூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு ஓட்டை, குடத்தை உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அடுத்து பால் தெளிப்பு, பதினாறில் கருமாதி, மாமன் வீட்டு உருமா, அதாவது தலைப்பாகை. அழுதுகொண்டிருக்கிறவனை யாராவது எழுப்பி, "தம்பி, அடுத்து இது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இஸ்லாமியர் வீடுகளில் இது இன்னும் வேகம்: குளிப்பாட்டி, கஃபன் துணி அணிவித்து, ஜனாஸா தொழுகை முடித்து, வந்தவர்கள் எல்லாரும் தோள் மாற்றித் தூக்கி, குழியில் மூன்று கைப்பிடி மண் போட்டுவிட்டு வருவார்கள்.

ஒப்பாரியை வெறும் அழுகை என்று நினைக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை. அதில் பாதி கணக்குத் தீர்ப்பது. சீர் செய்யாத அண்ணன், எட்டிப் பார்க்காத நாத்தனார், பாகம் பிரித்ததில் போன காணி எல்லாம் ராகத்தோடு வந்துவிடும். சம்பந்தப்பட்டவர் அங்கேயே குத்துக்கல்லாக நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், பதில் பேச முடியாது. வேறு எந்த நாளில் அந்தப் பெண்ணுக்கு அந்தச் சபை கிடைக்கும்?

இதையெல்லாம் சொல்லும்போது நம் மரபே உசத்தி என்று ஏறிவிடக் கூடாது. செத்த பிறகும் சாதிக்கொரு சுடுகாடு வைத்திருக்கிற ஊர் இது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம், சுடுகாட்டுக்குப் போக வழி இல்லாமல் ஒரு தலித் மனிதர் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள், வீடியோவில் ஊரே பார்த்தது. பறை அடிக்கவும் பிணம் எரிக்கவும் ஒரு சில சாதியாரையே கட்டிப்போட்டதும் இதே மரபுதான். பெண்கள் விஷயம் அதைவிடப் பழசு. பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு, கணவன் போனபின் எனக்குத் தாமரைக் குளமும் தீயும் ஒன்றுதான் என்று பாடியதை (புறம் 246) கற்புக்கு உதாரணமாகப் பள்ளியில் சொல்லிக் கொடுப்பார்கள். அதே பாட்டில் அவள் கைம்பெண்ணின் சாப்பாட்டையும் படுக்கையையும் விவரிக்கிறாள்: எள் துவையலோடு வெந்த வேளைக்கீரை, பாய்கூட இல்லாமல் பருக்கைக் கல் பரப்பிய தரை. அப்படி ஒரு வாழ்க்கையைக் காட்டினால் தீ குளிர்ச்சியாகத்தான் தெரியும்.

இனி உங்கள் கேள்வியின் உண்மையான முள். செத்த பிறகு செய்ய வேண்டியதெல்லாம் நமக்குத் தலைகீழ்ப் பாடம். சாகப்போகிறவர் எதிரே உட்கார்ந்து பேசத்தான் பழக்கமில்லை. "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்பதுதான் நம் வீடுகளில் முதல் வேண்டுகோள். ரிப்போர்ட்டை மகன் ஒளித்துவைப்பான், மருமகள் சிரித்த முகமாகக் கஞ்சி கொண்டுபோவாள். படுத்திருக்கிறவர் தனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி நடிப்பார்.

என் பெரியம்மாவுக்கு வயிற்றில் கட்டி. வீட்டில் எல்லாரும் அல்சர் என்றே சாதித்தோம். அவர் தெருவில் மாதச் சீட்டு நடத்துகிறவர். ஒருநாள் மருமகளைக் கூப்பிட்டு, பீரோ சாவியையும் சீட்டு நோட்டையும் கையில் கொடுத்தார். பிறகு நாலு பேரைச் சொல்லி, "இவளுககிட்ட நான் இருக்கும்போதே வசூல் பண்ணிடு, அப்புறம் ஒருத்தியும் தரமாட்டா" என்றார். அல்சர் நாடகம் அத்தோடு முடிந்தது. அன்றைக்குச் சாயந்தரம்தான் பெரியப்பா அவர் கட்டிலில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினார், பெரியம்மா எதற்காகவோ சிரித்தது அடுப்படி வரை கேட்டது.

இந்தப் பொய்யை டால்ஸ்டாய் 1886இல் வெளியான 'இவான் இலியிச்சின் மரண'த்தில் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறார். நோயாளியை நோயைவிட அதிகமாக வதைப்பது, சும்மா உடம்பு சரியில்லை என்று எல்லாரும் சேர்ந்து ஆடும் ஆட்டம். கெராசிம் என்ற பட்டிக்காட்டு வேலைக்காரன் மட்டும் ஆடுவதில்லை. எஜமானின் கால்களைத் தன் தோளில் தூக்கிவைத்துக்கொள்கிறான், அப்படி வைத்தால் வலி குறைகிறது. எல்லாரும்தான் சாகப்போகிறோம், இந்தச் சிரமம் எனக்கு என்ன பெரிசு என்பது அவன் கட்சி. கால்களைப் பிடிக்க ஒரு ஆள், முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லாத ஒரு ஆள். இரண்டும் ஒருவனாகவே வாய்த்தது இவானின் அதிர்ஷ்டம்.

நம்மிடம் இதற்கு முன்மாதிரியே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் இருக்கிறான். பிள்ளைகளோடு பகை முற்றி, போரைக் கைவிட்டு, வடக்கிருக்கிறான், அதாவது சாகும்வரை உண்ணாமல் வடக்குப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறான். அந்தப் பட்டினியை யாரும் வழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது அந்தக் காலத்து அரச நெறி. நான் சொல்ல வருவது, அவன் தன் சாவைப் பக்கத்தில் இருக்கிறவர்களோடு வாய்விட்டுப் பேசுகிறான் என்பதை. பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார் வருவாரா என்று சுற்றியிருக்கிறவர்கள் சந்தேகப்படுகிறார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அதற்குச் சோழன் சொல்கிறான்: அவன் தன் பேரைச் சொல்லும்போதே என் பேரைச் சொல்கிறவன், இந்த நேரத்தில் வராமல் இருக்க மாட்டான், "இன்னே வருகுவன், ஒழிக்க அவற்கு இடமே". அவனுக்கு ஒரு இடம் விட்டு வையுங்கள். ஆந்தையாரும் வந்து சேர்கிறார். புலவர் பொத்தியாரும் கூடவே உட்கார வந்தபோது, உன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி, மகன் பிறந்தபின் வா என்று திருப்பி அனுப்புகிறான். யார் பக்கத்தில் இருக்க வேண்டும், யார் இப்போதைக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று சாகிறவனே முடிவு செய்கிறான். பொத்தியார் பிற்பாடு வந்து நடுகல்லைப் பார்த்து, என் இடம் எங்கே என்று கேட்கிற பாட்டு தனி.

ஒரு குறுக்குப் பேச்சு: துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, முதலில் மறுப்பு, பிறகு கோபம் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளோடு பேசியதை வைத்து. பின்தங்கி நிற்கிற குடும்பத்தாருக்குப் போட்ட டைம் டேபிள் இல்லை. உங்களுக்குக் கோபம் இன்னும் வரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

இப்போது செய்யக்கூடியவை. முதலாவது வலி. நோயைக் குணப்படுத்த முடியாது என்றான பிறகும் வலியைக் குறைக்க நிறைய முடியும், அதற்கென்றே பாலியேட்டிவ் கேர் என்று தனிப் பிரிவு இருக்கிறது. கேரளாவில் 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் கூட இருந்தவர்களும் தொடங்கியது, பிறகு பக்கத்து வீட்டு ஆட்களே பயிற்சி எடுத்து வீடு வீடாகப் போகிற அளவுக்கு வளர்ந்தது. அபினிச் செடியைச் சட்டப்படி பயிரிடும் நாடு இது, ஆனால் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், அபினியிலிருந்து எடுக்கும் வலிமருந்தான மார்ஃபின் மாத்திரை நம் நோயாளிகளுக்கு எட்டாமல் போயிற்று. 2014இல் சட்டத்தைத் திருத்திக் கொஞ்சம் தளர்த்தினார்கள். இன்றும் மார்ஃபின் என்றால் குடும்பத்தார் பதறுகிறார்கள், அடிமையாகிவிடுவார் என்று. டாக்டர் கண்காணிப்பில் வலிக்குத் தேவையான அளவு கொடுக்கும்போது அந்தப் பயத்துக்கு இடம் ரொம்பக் குறைவு. உங்கள் டாக்டரிடம் பாலியேட்டிவ் பிரிவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, வெண்டிலேட்டர் வேண்டுமா, ஐசியூவா வீடா என்ற முடிவு. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, தேறாத நிலையில் செயற்கை உயிர்க்காப்பு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வரை கேட்டதால் யாருக்கும் அது நடைமுறையில் வரவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தனக்காக முடிவு சொல்ல யார் என்றும் அதில் எழுதலாம். அப்பா தெளிவாக இருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும். அதற்கு அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது? இந்தத் துறை டாக்டர்கள் செய்தியைச் சொல்லி ஆரம்பிப்பதில்லை, கேட்டு ஆரம்பிக்கிறார்கள். "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க, அப்பா?" அவ்வளவுதான். பல நேரம் நீங்கள் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி அவர் வாயிலிருந்தே வந்துவிடும். "எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம், நீயே பாத்துக்கோ" என்றால், அப்படிச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு, விட்டுவிடுங்கள். வேறொரு நாள் அவரே கேட்கக்கூடும்.

படிக்க வேண்டும் என்று தோன்றினால் குறளை இப்போதைக்கு மூடிவையுங்கள். புறநானூற்றில் 212 முதல் 223 வரை சோழன், பிசிராந்தையார், பொத்தியார் கதை தொடர்ச்சியாகக் கிடைக்கும். அதோடு 255, 256. உரையோடு உள்ள பதிப்பாக எடுத்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.